மைக்ரோ ஆர்.என்.ஏ. சோறு போடுமா?

அம்மா, சனிக்கிழமை கடலூர் மஞ்சக்குப்பத்துக்கு வந்தபோது உங்கள் மகளைப் பற்றி நீங்கள் கேட்டது ஒரே கேள்விதான்: "மைக்ரோபயாலஜி முடிச்சுட்டா, பி.எட். பண்ணுடின்னா கேக்காம மைக்ரோ ஆர்.என்.ஏ.ன்னு நிக்கிறாளே, அது சோறு போடுமா?" வெளியே ஆட்கள் காத்திருந்ததால் அவசரமாகப் பதில் சொல்லிவிட்டேன். அது மனதை உறுத்துகிறது, அதனால் எழுதுகிறேன்.

உங்கள் மாமனார் ஆறு மாதம் காசநோய் மாத்திரை சாப்பிட்டார் என்றீர்கள். அந்தக் கிருமி, தன்னை விழுங்கி அழிக்க வந்த மேக்ரோபேஜ் செல்லுக்குள்ளேயே குடியேறிவிடும். உள்ளே இருக்கும் வேண்டாததைச் செரித்துவிடும் வழி செல்லுக்கு உண்டு, ஆட்டோஃபேஜி என்பார்கள். கிருமியோ, செல்லின் சொந்த மைக்ரோ ஆர்.என்.ஏ.க்களில் 33 என்ற எண் கொண்டதைப் பெருகவைத்து அந்த வேலையை மந்தமாக்கிவிடுகிறது. மைக்ரோ ஆர்.என்.ஏ. என்பது ஆர்.என்.ஏ. எனும் மரபுப் பொருளின் குட்டித் துண்டு, சுமார் 22 எழுத்து நீளம்தான். புரதம் செய்யச் சொல்லிப் போகும் செய்தியில் ஒட்டி, அதை அடக்கிவிடும். 29 என்ற இன்னொன்று, கிருமியை எதிர்க்க உடல் சுரக்கும் இன்டர்ஃபெரான் காமா என்ற புரதத்தைக் குறைக்கும். எலிகளில் அதைத் தடுத்தபோது லிஸ்டீரியா என்ற கிருமியை எதிர்க்கும் பலம் கூடியது. மைக்ரோ ஆர்.என்.ஏ.வைக் கண்டறிந்த விஞ்ஞானிகள் அம்ப்ரோஸுக்கும் ரவ்கனுக்கும் 2024இல் நோபல் கிடைத்தது.

உங்கள் மகள் இதை நோட்டின் கடைசிப் பக்கத்தில் பென்சிலால் வரைந்து காட்டினாள். ஓர் அம்புக்குறியைத் தப்பாகப் போட்டாள். நான் எதுவும் சொல்வதற்குள் தானே கண்டுபிடித்து அழித்துத் திருத்தினாள். அந்தக் கையை நம்பலாம் அம்மா.

அவளிடமும் ஒன்று சொல்லுங்கள். இது ஆராய்ச்சித் தலைப்பு, தனி உத்தியோகம் இல்லை. சம்பளம் வாங்கித் தருவது செல் வளர்ப்பு, மரபுப் பொருளின் அளவைக் காணும் ரியல் டைம் பி.சி.ஆர். சோதனை, கணினியில் தரவு அலசல் போன்ற கைவேலைதான். எம்.எஸ்சி. சேருமுன், வாரத்தில் எத்தனை மணி நேரம் பிப்பெட் (துளியளவு திரவத்தை அளந்து எடுக்கும் கருவி) நம் கையில் இருக்கும் என்று சீனியர்களிடம் விசாரிக்கட்டும்.

புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு சி.யூ.இ.டி. பி.ஜி. என்ற நுழைவுத் தேர்வு எழுத வேண்டும். அது இருக்கும் காலாப்பட்டு பஸ்ஸில் போய் வரும் தூரம்தான், ஆனால் ஆய்வக வேலை இருட்டும்வரை இழுக்கும், ஹாஸ்டலில் விடுங்கள். சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தையும் பார்க்கலாம். பிறகு சி.எஸ்.ஐ.ஆர். நெட் என்ற தேசியத் தேர்வில் ஜே.ஆர்.எஃப். என்ற ஆராய்ச்சி உதவித்தொகை கிடைத்தால் மாதம் 37,000 ரூபாய், இரண்டு வருஷம் கழித்து 42,000. பிஎச்.டி.க்கு ஐந்து வருஷமாவது ஆகும், அதை மறைக்க மாட்டேன். ஜே.ஆர்.எஃப். வராவிட்டால் பரிசோதனைக் கூடம், மருந்துக் கம்பெனி. தொடக்கத்தில் சம்பளம் குறைவுதான். பி.எட். அப்போதும் படிக்கலாம்.

ஒரு வேலையை மட்டும் இப்போதே முடித்துவிடுங்கள். நீங்கள் ஓ.பி.சி. (இதர பிற்படுத்தப்பட்டோர்) என்றால், இந்தத் தேர்வுகளில் இடஒதுக்கீட்டுக்கு மத்திய அரசுப் படிவத்தில் தனிச் சான்றிதழ் வேண்டும், நம் மாநிலச் சான்றிதழ் செல்லாது. இந்த வாரமே இ-சேவை மையத்தில் மனு போடுங்கள்.