திருநெல்வேலியிலிருந்து ஒரே நாளில் போய் வர எந்த இடங்கள் ஏற்றவை? எந்த மாதத்தில் எங்கே போகலாம்?

பாளையங்கோட்டைக்கு மாற்றலாகி வந்திருப்பதாகவும், சொந்த வண்டி இல்லை என்றும், காலையில் கிளம்பி இரவுச் சாப்பாட்டுக்கு வீடு திரும்பிவிட வேண்டும் என்றும் சொல்லியிருக்கிறீர்கள். குற்றாலத்தை விட்டால் வேறு என்ன இருக்கிறது என்பது உங்கள் கேள்வி. நிறையவே இருக்கிறது. ஆனால் தப்பான மாதத்தில் போனால் எல்லா இடமும் ஏமாற்றிவிடும். அருவியில் குளிக்கத் தடை போட்டிருப்பார்கள், குளத்தில் மாடு மேயும், தேரி என்ற செம்மணல் மேட்டில் மணல் அடித்துக் கண்ணைத் திறக்க முடியாது.

இங்கே மழை இரண்டு தவணை. ஆனி, ஆடியில் தென்மேற்குக் காற்று மலையைத் தாண்டி வந்து சிந்துவது சாரல். தென்காசிப் பக்கம் நாள் முழுக்க நனைந்துகொண்டிருக்கும். பாளையங்கோட்டையில் வெறும் காற்றுதான் அடிக்கும். ஐப்பசி, கார்த்திகையில் கடல் பக்கமிருந்து வருவது அடைமழை. வயலிலும் அப்படித்தான்: சாரலை நம்பிக் கார் நெல் சாகுபடி, அடைமழையை நம்பிப் பிசான நெல் சாகுபடி. ஊர் சுற்றுகிறவருக்கும் இதே கணக்குதான். முதல் மழை அருவிக்கு ஆகும். இரண்டாவது மழை குளங்களை நிரப்பும், ஆனால் அப்போது அருவிப் பக்கம் போகக்கூடாது. 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 செ.மீ. கொட்டியதை நினைத்துப் பாருங்கள். ஐப்பசி பிறந்ததிலிருந்து மார்கழிப் பாதி வரை ஆற்றங்கரைத் திட்டம் எதையும் முதல் நாள் இரவுதான் உறுதி செய்ய வேண்டும்.

உறுதி செய்ய எளிய வழி, அணை நீர்மட்டம். நெல்லைப் பதிப்பு நாளிதழ்களில் வரும். முழு மட்டம் பாபநாசத்துக்கு 143 அடி, சேர்வலாறுக்கு 156, மணிமுத்தாறுக்கு 118. பாபநாசம் 140-ஐ நெருங்கி, மலையிலும் மழை என்றால் உபரி நீர் திறப்பார்கள். அன்று பாபநாசத்து அகஸ்தியர் அருவி, படித்துறை, தடுப்பணைகள் எதையும் நம்பிக் கிளம்ப வேண்டாம்.

குற்றாலத்தைப் பற்றி இரண்டே விஷயம். 2019-லிருந்து அது தென்காசி மாவட்டம். தடை அறிவிப்பைத் தேடும்போது மாவட்டப் பெயர் மாறியிருப்பதை மறந்துவிடாதீர்கள். பேரருவி அவ்வளவு உயரத்திலிருந்து விழுந்தும் தலை தாங்குகிறது என்றால், நடுவில் பொங்குமாகடல் என்ற பள்ளத்தில் விழுந்து வேகம் குறைந்து வழிவதுதான் காரணம். வெள்ளத்தில் அந்தப் பள்ளம் நிறைந்து தண்ணீர் வெளியே பாயும்; கீழே உள்ள ஆர்ச்சைத் தாண்டி விழுந்தால் குளிக்கவிட மாட்டார்கள். சீசன் இல்லாத மாதத்தில் ஆபத்தே இல்லை என்றும் நினைக்காதீர்கள். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு சிறுவனைக் கொண்டுபோனது. அடிவாரத்தில் வெயில் அடிக்கும்போதே மேலே மழை பெய்திருக்கலாம். தண்ணீர் செம்மண் நிறமாக மாறினாலோ, சருகும் குச்சியும் வரத் தொடங்கினாலோ, சோப்பைத் தேடாமல் கரையேறுங்கள்.

பஸ்ஸில் போகிறவருக்கு நான் முதலில் சொல்வது பாபநாசம். மேலே அணை இருப்பதால் குற்றாலம் வற்றிக் கிடக்கும் மாதங்களிலும் அகஸ்தியர் அருவியில் ஓரளவு தண்ணீர் விழும். வேய்ந்தான்குளம் புதிய பஸ் ஸ்டாண்டிலிருந்து சேரன்மகாதேவி, அம்பாசமுத்திரம், விக்கிரமசிங்கபுரம் வழியாகச் சுமார் 45 கி.மீ. வழியெல்லாம் ஊர்கள் என்பதால் இரண்டு மணி நேரம் வைத்துக்கொள்ளுங்கள். செங்கோட்டை பாசஞ்சரில் அம்பாசமுத்திரம் போய் அங்கிருந்து பஸ் பிடிப்பது இன்னும் சுகம். கல்லிடைக்குறிச்சி தாண்டியதும் ரயில் ஆற்றைக் கடக்கும். எதிரே பொதிகை மலை நிற்கும்.

பாபநாசத்தில் இறங்கியதும் கோயில் படித்துறையிலேயே குளிக்க இறங்குகிறார்கள். அங்கே கவனிக்க வேண்டியவை சில உண்டு. பரிகாரம் என்று ஆற்றில் விட்டுப்போகும் பழைய துணி காலைச் சுற்றும். நீச்சல் தெரிந்தவரையும் அது நிலைகுலைய வைக்கும். மேலே மின்நிலையத்தில் உற்பத்திக்குத் தண்ணீர் விடும்போது படியில் மட்டம் கிடுகிடுவென ஏறும். குழந்தையைக் கடைசிப் படியில் உட்கார வைத்துவிட்டு நகராதீர்கள். படிக்கு அப்பால் பாறை இடுக்கில் கசம், அதாவது ஆழமான குழி, எங்கே இருக்கும் என்று உள்ளூர்க்காரர்களுக்குத்தான் தெரியும். “அண்ணாச்சி, எது வரைக்கும் போகலாம்?” என்று துணி துவைக்கிறவரிடமோ பொரி விற்கிறவரிடமோ கேட்டுவிட்டு இறங்குங்கள்.

அருவிக்கு அங்கிருந்து மலைப்பாதையில் சில கி.மீ. போக வேண்டும். வனத்துறைச் சோதனைச் சாவடியில் பையைத் திறந்து பார்ப்பார்கள். பிளாஸ்டிக், மது இருந்தால் எடுத்துவிடுவார்கள். சோப்பு, ஷாம்பு, எண்ணெய் அருவியில் கூடாது. புளியோதரைப் பொட்டலத்தைக் கையில் தொங்கவிட்டு நடந்தால் குரங்கு வாங்கிக்கொள்ளும்; உணவை ஜிப் வைத்த பைக்குள் வையுங்கள், பையை முதுகில் போடாமல் முன்னால் மாட்டுங்கள். ஞாயிறு என்றால் ஒன்பது மணிக்குள் மேலே இருந்தால் நிம்மதியாகக் குளிக்கலாம். மதியத்துக்கு மேல் பாறையில் கால் வைக்க இடம் கிடைக்காது.

ஆடி அமாவாசையை ஒட்டிய நாட்களில் இந்தப் பக்கமே வேண்டாம். காரையாறு சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குக் கூட்டம் கூட்டமாக வருவார்கள், பஸ்ஸில் நிற்கவும் இடம் இருக்காது. மாஞ்சோலைக்கும் காரையாறு அணைக்கு மேலுள்ள பாணதீர்த்தத்துக்கும் வனத்துறை அனுமதி வேண்டும். அந்த விதிகள் அடிக்கடி மாறும். பழைய வீடியோவைப் பார்த்துக் கிளம்பி மணிமுத்தாறு சாவடியில் திரும்பியவர்கள் ஏராளம்.

திரும்பும் வழியில் பத்தமடையில் இறங்கிப் பாய் பார்க்கலாம். கோரையை அறுத்து, கீறி, காயவைத்து, ஆற்றுத் தண்ணீரில் நாள்கணக்கில் ஊறவைத்து, திரும்பக் காயவைத்துப் பிறகுதான் தறியில் ஏற்றுவார்கள். எவ்வளவு மெல்லியதாகக் கீறுகிறார்களோ அவ்வளவு விலை. நயம் பாயைத் துணிபோல மடிக்கலாம். சாதாரணப் பாயைச் சுருட்டத்தான் முடியும், மடித்தால் கோரை முறிந்துவிடும். விசைத்தறியில் நெய்து வெளியூரிலிருந்து வரும் பாயும் இதே பெயரில் கிடைக்கிறது. வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள்; கோரைக்கு இடையில் கீற்றுக் கீற்றாக ஒளி வந்தால் அது நயம் ரகம் இல்லை. கல்யாணத்துக்குப் பெயர் போட்ட பாய் வேண்டுமென்றால் வாரக்கணக்கில் முன்னாலேயே சொல்லி வைக்க வேண்டும்.

தை, மாசிக்கு உரியது கூந்தன்குளம். நாங்குநேரி வட்டாரத்தில், மூலைக்கரைப்பட்டி பக்கம். நெல்லையிலிருந்து சுமார் 35 கி.மீ. 1994-ல் சரணாலயமானது, 2022-ல் உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சர் பட்டியலில் சேர்ந்தது. உங்கள் வாடகை வண்டிச் செலவை இதற்கு வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் பஸ்ஸை நம்பினால் பறவைக்கு உரிய நேரம் போய்விடும். விடிந்ததும் அங்கே நிற்க வேண்டும். எட்டரை மணிக்கு மேல் வெயில் ஏறினால் தண்ணீருக்கு மேல் கானல் அலையும், தொலைநோக்கியில் எல்லாம் நடுங்கும். 8×42 அளவுத் தொலைநோக்கி போதும். அதற்கு மேல் பெருக்கினால் கை நடுக்கமும் சேர்ந்து பெருகும். காலையில் சூரியன் முதுகுக்குப் பின்னால் வரும்படி குளத்தின் கிழக்கே நில்லுங்கள்.

வரித்தலை வாத்து இமயமலையைத் தாண்டி வருவது. தலையின் பின்புறம் இரண்டு கறுப்புப் பட்டை இருக்கும், தவறவே விடமாட்டீர்கள். பூநாரை ஆழம் குறைந்த ஓரத்தில் தலையைக் கவிழ்த்து அலசிக்கொண்டே நகரும். கூந்தன்குளத்தின் தனிச் சிறப்பு ஊருக்குள்ளேதான். மஞ்சள் மூக்கு நாரையும் கூழைக்கடாவும் வீட்டு முற்றத்து மரங்களிலேயே கூடு கட்டுகின்றன. அடியில் நின்றால் எச்சம் சட்டையில் விழும், மீன் வாடை அடிக்கும், குஞ்சுகள் கரகரவென்று கத்திக்கொண்டே இருக்கும். ஊர்க்காரர்கள் முகம் சுளிப்பதில்லை. பறவைகள் மிரளக்கூடாது என்று தீபாவளிக்கு வெடி போடாத ஊர் அது. குளத்து மண்ணில் கலந்த எச்சம் வயலுக்கு உரம். கூட்டைப் படமெடுக்க மரத்தை உலுக்குவதும் கல் எறிவதும் அங்கே கடுமையான வாக்குவாதத்தில் முடியும்.

பிசான மழை பொய்த்த ஆண்டில் குளம் பாதிகூட நிறையாது. அந்த வருடம் போய்ப் பயனில்லை. முந்தின நாளே மூலைக்கரைப்பட்டிப் பக்கத்து ஆள் யாரிடமாவது குளத்தில் தண்ணீர் கிடக்கிறதா என்று கேட்டுவிடுங்கள்.

கிழக்கே திருச்செந்தூர் சாலை ஆண்டு முழுக்க ஆகும். கோயில்கள் பகல் 12 மணி வாக்கில் நடை சாத்தினால் மாலை நாலரை, ஐந்துக்குத்தான் திறக்கும் என்பதை மட்டும் வைத்துத் திட்டம் போடுங்கள். காலையில் முதலில் 13 கி.மீ. தொலைவில் கிருஷ்ணாபுரம். வெங்கடாசலபதி கோயில் மண்டபத்தில் குறவன், குறத்தி, ரதி, வீரபத்திரர் என்று நாயக்கர் காலச் சிற்பங்கள் தூணோடு தூணாக நிற்கின்றன. பக்கவாட்டு வெளிச்சம் விழும் காலையில்தான் விலா எலும்பின் வரியும் கை நரம்பும் நக நுனியும் தனித்தனியாகத் தெரியும். உச்சி நேரத்தில் எல்லாம் ஒரே சாம்பலாகிவிடும். அடுத்து ஸ்ரீவைகுண்டம் அல்லது ஆழ்வார்திருநகரி, இரண்டில் ஒன்று. நடை சாத்துவதற்குள் இரண்டையும் பார்க்க ஓடினால் ஒன்றும் மனதில் நிற்காது. கோயில் மூடிய மதிய நேரத்தை ஆதிச்சநல்லூருக்கு வையுங்கள். பழங்காலத்தில் இறந்தவர்களைப் புதைத்த தாழிகளைத் தோண்டிய இடத்திலேயே விட்டு, மேலே கண்ணாடி பதித்துக் காட்டுகிறார்கள், 2023-ல் திறந்தது. 1876-ல் ஜெர்மானியரான ஜாகோர் எடுத்துப் போனவை பெர்லினுக்குப் போயின. பின்னால் தொல்லியலாளர் அலெக்சாண்டர் ரீ கண்டெடுத்தவற்றைச் சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் பார்க்கலாம். ஸ்ரீவைகுண்டம் அணைக்கட்டு, தாமிரபரணியின் எட்டு அணைக்கட்டுகளில் கடைசி. மேலே நின்று பாருங்கள், தண்ணீர் வழியும்போது அடியில் குளிக்காதீர்கள். விழுகிற தண்ணீர் அங்கே சுழன்று ஆளைத் திரும்பத் திரும்ப உள்ளே இழுக்கும்.

இந்தப் பக்கத்துப் பெருமாள் கோயில்களான நவதிருப்பதி ஒன்பதையும் ஒரே நாளில் என்றால் புரட்டாசிச் சனிக்கிழமைகளில் அரசுச் சிறப்புப் பஸ் விடுவார்கள், அதில் ஏறிவிடுங்கள்.

மாசிக் கடைசி முதல் ஆனி பிறக்கும் வரை, பனங்காட்டுப் பக்கம். 1986-ல் தூத்துக்குடி தனி மாவட்டமாகப் பிரிந்தாலும் திசையன்விளை, சாத்தான்குளம், உடன்குடி எல்லாம் ஒரே பனங்காடுதான். குதிரைமொழித் தேரியின் செம்மணலைப் பார்க்கக் காலை ஒன்பதுக்குள் போங்கள். காரைத் தார்ச்சாலையை விட்டு இறக்கினால் சக்கரம் புதையும், இழுக்க டிராக்டர் தேட வேண்டும். ஆனி பிறந்து காற்று எழுந்துவிட்டால் மணல் முகத்தில் அறையும்.

பதநீரைக் காலையில் வெள்ளென குடிக்க வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவித்தான் பாளையில் கட்டுவார்கள். தடவாவிட்டால் சில மணி நேரத்தில் கள்ளாகிவிடும். சுண்ணாம்பு மிஞ்சினால் நாக்கு காந்தும். அதனால் கொஞ்ச நேரம் தெளியவிட்டு மேலாக ஊற்றித் தருகிற பனையேறியைத் தேடிப் பிடியுங்கள். பனையோலைப் பட்டையில் வாங்கி, நுங்கைக் கீறிப் போட்டுக் குடிப்பதுதான் முறை. பதினொரு மணிக்கு மேல் நெடுஞ்சாலையோரம் குடத்தில் விற்பதில் பாதி சந்தேகத்துக்குரியது. குடித்த பிறகு தொண்டையில் ஒரு கசப்பு ஒட்டிக்கொண்டு போகாவிட்டால் சாக்கரின் போட்டிருக்கிறார்கள்.

கருப்பட்டி வாங்கும்போது ஒன்றை உடைக்கச் சொல்லுங்கள். உடைத்த இடம் மங்கலாக, பழுப்பாக இருந்தால் எடுக்கலாம். கண்ணாடிச் சில்லுபோல மின்னினால் சீனி சேர்த்துக் காய்ச்சியது. நாக்கில் வைத்தால் இனிப்போடு லேசான உப்புக்கரிப்பும் வர வேண்டும். வீட்டில் காபிக்குப் போடும்போது தனியாகக் கரைத்து வடிகட்டுங்கள், அடியில் சுண்ணாம்பும் மண்ணும் தங்கும். கொதிக்கும்போது பால் ஊற்றினால் திரிந்துபோகும். அடுப்பை அணைத்துச் சற்று ஆறிய பிறகு சேர்க்க வேண்டும். சுத்தமான கருப்பட்டி மழைக்காலத்தில் கசியும், அது கெட்டுப்போனதல்ல. ஓலைப்பெட்டியோடு காற்றுப் புகாத டப்பாவில் போட்டு, வெயில் வந்ததும் அரை நாள் காயவையுங்கள். மொத்தமாக வாங்குவதானால் சித்திரையிலிருந்து ஆடிக்குள் வாங்குங்கள். கார்த்திகைக்குப் பிறகு விலை ஏறிவிடும், சீனி கலந்ததும் அப்போதுதான் அதிகம் வரும்.