ரிசர்வ் வங்கி பணத்தைப் பெருக்கினால் டெபாசிட்டை எடுத்துவிட வேண்டுமா?

கேள்வி: கடலூர் மஞ்சக்குப்பத்தில் வசிக்கும் ஓய்வுபெற்ற ஆசிரியர் நான், வயது 64. ரிசர்வ் வங்கி நோட்டு அடித்துத் தள்ளுகிறது, இனி ரூபாய்க்கு மதிப்பிருக்காது என்கிறார்கள். முதிர்வடையப்போகும் டெபாசிட்டைத் தங்கமாக மாற்றிவிடலாமா? பண்ருட்டியில் முந்திரித் தொழில் செய்யும் மகனுக்கு வங்கிக் கடனும் இருக்கிறது.

பதில்: முழுத் தொகையையும் தங்கமாக்க வேண்டாம், ஐயா. உங்களைப் பயமுறுத்தியவர்கள் பார்க்க வேண்டிய இடத்தைப் பார்க்கவில்லை.

நாசிக்கிலும் மைசூரிலும் அச்சாகும் நோட்டுகள், மக்களுக்கு ரொக்கம் தேவைப்படும் அளவுக்கே வெளியே வருகின்றன. புதுப் பணம் பிறப்பது கணக்கேட்டில். வங்கிகளிடம் உள்ள அரசுக் கடன் பத்திரங்களை ரிசர்வ் வங்கி வாங்கும். அதற்கான தொகையை, அந்த வங்கிகள் தன்னிடம் வைத்திருக்கும் கணக்கில் வரவு வைக்கும். அந்த வரவு எழுதப்படும்வரை அந்தப் பணம் எங்குமே இருந்ததில்லை. அரசு புதிதாக வெளியிடும் பத்திரங்களை அரசிடமிருந்தே நேரடியாக வாங்கும் வழக்கம் 2006 ஏப்ரலோடு நின்றுவிட்டது.

இப்படிப் பிறந்த பணம் நேரே கடைவீதிக்கு வந்துவிடாது. வங்கிகளின் கையிருப்பு பெருகுவதால் முதலில் வட்டிதான் இறங்கும். அந்த வட்டிக்கு யாராவது கடன் வாங்கிச் செலவு செய்த பிறகே சந்தையில் பணம் புழங்கும். உங்கள் மகன் குறைந்த வட்டியில் கடன் வாங்கிக் கூடுதலாக முந்திரிக் கொட்டை இறக்குகிறார், உடைக்கவும் தோலுரிக்கவும் கூடுதல் பெண்களுக்கு வேலை தருகிறார் என்றால், பணத்தோடு பருப்பும் சேர்ந்து பெருகுகிறது. விலை ஏற அங்கே காரணமில்லை.

பொருள் பெருக வழியில்லாத இடத்தில்தான் சிக்கல். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை, 61 நாள் மீன்பிடித் தடைக்காலத்தில் விசைப்படகுகள் கடலுக்குப் போவதில்லை. கடலூர் முதுநகரில் வஞ்சிரம் விலை எகிறுகிறது. அதற்கு ரிசர்வ் வங்கி காரணமல்ல. ஆனால் அந்த நாட்களில் வாங்குவோர் கையில் பணம் கூடினாலும் கூடுதலாக ஒரு மீன் வந்துவிடாது, விலைதான் இன்னும் ஏறும். நாடு முழுக்க இந்த நிலை வந்தால் அதுதான் பணவீக்கம்.

அண்மைக் கால அனுபவமும் இதையே காட்டுகிறது. 2020, 2021-இல் பணம் தாராளமாக விடப்பட்டது; உக்ரைன் போரால் எண்ணெய் விலையும் ஏற, 2022 ஏப்ரலில் சில்லறைப் பணவீக்கம், அதாவது மக்கள் வாங்கும் பொருள்களின் விலை ஓராண்டில் ஏறிய அளவு, 7.79 சதவீதத்தைத் தொட்டது. 2025-இலும் ரிசர்வ் வங்கி பெருமளவில் பத்திரங்களை வாங்கியது, வங்கிகளுக்குத் தான் தரும் குறுகிய காலக் கடனுக்கான வட்டியை, அதாவது 6.5 சதவீதமாக இருந்த ரெப்போ விகிதத்தை, ஜூனுக்குள் 5.5 ஆகவும் குறைத்தது. ஆனால் காய்கறி, பருப்பு விலைகள் இறங்கியிருந்ததால் அக்டோபரில் பணவீக்கம் வெறும் 0.25 சதவீதம். பணத்தின் அளவை மட்டும் வைத்து விலைவாசிக்கு ஆரூடம் சொல்பவர்களை நம்பாதீர்கள்.

எனவே உங்களைப் போன்றவர்களை முதலில் தொடுவது வட்டி இறக்கம்தான். அதற்கேற்ப முடிவெடுங்கள். டெபாசிட் போடும் நாளின் வட்டி முதிர்வுவரை மாறாது என்பதால், வட்டி இறங்கும் காலத்தில் நீண்ட தவணை நல்லது. அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டத்தைத்தான் நான் முதலில் சொல்வேன்: 30 லட்சம் ரூபாய் வரை போடலாம், சேரும் நாளின் வட்டி ஐந்தாண்டும் நீடிக்கும். ஓராண்டுச் செலவுக்கான தொகையை மட்டும் குறுகிய தவணையில் வையுங்கள். ஒரே வங்கியில் குவிக்க வேண்டாம். வங்கி நொடித்தால் கிடைக்கும் டெபாசிட் காப்பீடு, ஒருவருக்கு ஒரு வங்கியில் 5 லட்சம் ரூபாய் வரைதான். தங்கம் கொஞ்சம் இருக்கட்டும். ஆனால் அது மாதாமாதம் வட்டி தராது. நகையாக வாங்கினால் செய்கூலியும் சேதாரமும் போனது போனதுதான்.

மகனுடைய கடன் ரெப்போவோடு இணைந்ததா என்று வங்கியில் கேட்கச் சொல்லுங்கள். இணைந்திருந்தால் மூன்று மாதத்துக்கு ஒருமுறையாவது வட்டியை மாற்றியமைக்க வேண்டும். அவர் ஆப்பிரிக்கக் கொட்டை வாங்குபவரானால் டாலர் மதிப்பிலும் ஒரு கண் வைக்கட்டும். இங்கே வட்டி இறங்கும்போது ரூபாயும் சரிந்தால், வட்டியில் மிச்சமானது கொட்டை விலையில் போய்விடும்.