கான்பூர் குப்பையிலிருந்து எழுந்த லிபரேட்டர்கள்

கேள்வி: பழைய குண்டுவீச்சு விமானங்களைப் புதுப்பித்துப் பறக்க விடுவதாக வெளிநாட்டுச் செய்திகள் வருகின்றன. இந்தியாவில் அப்படி ஏதாவது நடந்திருக்கிறதா?

நடந்திருக்கிறது. ஒன்று இரண்டு அல்ல, 40-க்கும் மேல். அதுவும் காட்சிக்கு வைக்க அல்ல, விமானப் படையில் பறக்க. நான் பெங்களூரில் விமான உடல் பழுதுபார்க்கும் பிரிவில் பல வருடம் ரிவெட் (தகடுகளை இணைக்கும் உலோக ஆணி) அடித்தவன். பயிற்சிக் காலத்தில் மூத்தவர்கள் சொல்லிக் கேட்டது இந்தக் கதை. அப்புறம் தேடிப் படித்ததையும் சேர்த்துச் சொல்கிறேன்.

விமானத்தின் பெயர் பி-24 லிபரேட்டர். நான்கு இன்ஜின், இறக்கை முனைக்கு முனை 33 மீட்டருக்கும் மேல். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கா இதை 18,000-க்கும் அதிகமாகச் செய்தது. பிரிட்டிஷ் விமானப் படை கடன்-குத்தகை ஒப்பந்தத்தில் வாங்கி, பர்மா போர்முனைக்காக இந்தியாவிலிருந்து பறக்க விட்டது. போர் முடிந்தால் திருப்பிக் கொடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழிக்க வேண்டும் என்பது ஒப்பந்தம். கான்பூரில் நின்றவற்றை அழிக்கவே முடிவு செய்தார்கள். லாரியை விட்டு மோதினார்கள், கருவிகளை உடைத்தார்கள், இன்ஜினுக்குள் மணலைக் கொட்டினார்கள். பிறகு அப்படியே வெயிலிலும் மழையிலும் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள்.

சுதந்திரம் வந்தபோது நம்மிடம் கனரகக் குண்டுவீச்சு விமானம் ஒன்றுகூட இல்லை. 1948-இல் இந்தக் குப்பையைப் பார்த்து, இதிலிருந்து ஏதாவது தேறுமா என்ற கேள்வி பெங்களூர் ஹிந்துஸ்தான் ஏர்கிராஃப்ட் தொழிற்சாலைக்கு வந்தது. தேறும் என்று அவர்கள் சொன்னது வெறும் துணிச்சலில் அல்ல. போர்க்காலத்தில் அந்தத் தொழிற்சாலையே அமெரிக்க விமானங்களைப் பழுதுபார்க்கும் பணிமனையாக இருந்தது. லிபரேட்டரின் உள்ளும் புறமும் அவர்கள் கைக்குப் பழக்கம்.

ஆனாலும் அந்த வேலையை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. அலுமினியத் தகடு வீட்டுப் பாத்திரம் மாதிரி இல்லை. ஒருமுறை கூர்மையாக மடங்கிவிட்டால், தட்டி நிமிர்த்தும்போது அந்த மடிப்பிலேயே வெடித்துவிடும். அதனால் அடிபட்ட பகுதியை வெட்டி எடுத்துவிட்டு, புதுத் தகடு வைத்து ரிவெட் அடிக்க வேண்டும். பழைய ரிவெட்டின் தலையைத் துளை பெரிதாகாமல் துளைத்து எடுப்பதற்கே நிதானமான கை வேண்டும். துளை பெரிதானால் அடுத்த அளவு ரிவெட் போட வேண்டும். விளிம்புக்குப் பக்கத்தில் அதற்கும் இடம் இருக்காது. வெளியே ஒருவர் சுத்தியல் துப்பாக்கி பிடித்தால், உள்ளே இன்னொருவர் இரும்புக் கட்டையை அழுத்திப் பிடித்திருக்க வேண்டும். அந்தத் தகட்டுக் கூட்டுக்குள் மே மாத கான்பூர் எப்படி இருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். இன்ஜின் கதை வேறு. ஓர் இன்ஜினுக்கு 14 சிலிண்டர், விமானத்துக்கு 56. மணல் புகுந்த இன்ஜின் என்றால் அத்தனையையும் பிரித்தாக வேண்டும்.

கான்பூரில் பறக்கும் அளவுக்கு மட்டும் சரிசெய்தார்கள். அங்கிருந்து பெங்களூருக்குச் சுமார் 1,500 கிலோமீட்டர். அந்த அரைகுறை விமானங்களை ஓட்டி வந்தவர் தொழிற்சாலையின் சோதனை விமானி ஜம்ஷெட் கைகோபாத் முன்ஷி. அவரைப் பற்றி நம் ஊரில் எத்தனை பேருக்குத் தெரியும்? பெங்களூரில்தான் முழு வேலையும் நடந்தது.

1948 நவம்பரில் இவற்றை வைத்தே விமானப் படையின் 5-ஆம் ஸ்குவாட்ரன், அதாவது விமானப் பிரிவு, உருவானது. கான்பெரா ஜெட் குண்டுவீச்சு விமானங்கள் வந்த பிறகு, லிபரேட்டர்களுக்குக் கடல் கண்காணிப்பு வேலை மிஞ்சியது. 6-ஆம் ஸ்குவாட்ரன் அவற்றை 1968 வரை ஓட்டியது. வேண்டாம் என்று உடைத்துப் போட்ட பொருள் 20 வருடம் உழைத்திருக்கிறது!

அதற்குள் உலகில் முழு லிபரேட்டர் கிடைப்பதே அரிதாகிவிட்டது. அருங்காட்சியகங்கள் நம்மிடம் கேட்டு வந்தன. கனடா ஒரு லைசாண்டர் விமானத்தைக் கொடுத்து ஒன்றை வாங்கிக்கொண்டது. அமெரிக்காவின் டூசான் நகரத்துக்கு 1969-இல் ஒன்று போனது. பிரிட்டிஷ் விமானப் படை அருங்காட்சியகத்துக்கு 1974-இல் இன்னொன்று. இவை கப்பலில் போகவில்லை, பறந்தே போயின.

இன்னொன்று 1980-களில் பிரித்த நிலையில் சரக்கு விமானத்தில் இங்கிலாந்து போய், அங்கிருந்து காலிங்ஸ் அறக்கட்டளை வழியாக அமெரிக்கா சேர்ந்தது. முதலில் நிறுத்தி வைக்க மட்டுமே நினைத்தவர்கள், மனம் மாறி முழுமையாகப் புதுப்பித்து 1989-இல் பறக்க விட்டார்கள். நீங்கள் படித்த செய்தி ஒருவேளை அந்த விமானத்தைப் பற்றியதாக இருக்கலாம். அவர்கள் செய்தது பெரிய வேலை, மறுக்கவில்லை. ஆனால் அது அந்த விமானத்துக்கு இரண்டாவது மறுபிறப்பு. முதலாவதைக் கொடுத்தது பெங்களூர்.

டெல்லி போனால் பாலம் விமானப் படை அருங்காட்சியகத்தில் ஒரு லிபரேட்டரையும், கனடா கொடுத்த அந்த லைசாண்டரையும் பார்க்கலாம். நான் போனபோது லிபரேட்டரின் முன்னால் அரை மணி நேரம் நின்று ரிவெட் வரிசைகளையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் மனைவி வந்து கூப்பிட்ட பிறகுதான் நகர்ந்தேன்.