இடுப்பு வலிக்கு மனச்சோர்வு மாத்திரை எதற்கு?

வாசகர் கேள்வி: இரண்டு வருடமாக இடுப்பு வலி. ஸ்கேனில் டிஸ்க் லேசாகப் பிதுங்கியிருக்கிறதாம். வேலையில் மூழ்கினால் வலி தெரிவதில்லை. இரவில் படுத்தால் பிடுங்குகிறது. டாக்டர் டுலாக்சிடின் எழுதினார். அது மனச்சோர்வு மாத்திரையாமே? என் வலி வெறும் பிரமையா?

பிரமை இல்லவே இல்லை. டாக்டர் இரண்டு நிமிடம் ஒதுக்கி விளக்கியிருந்தால் இந்தக் கலக்கமே வந்திருக்காது. சீட்டைக் கிழித்துக் கொடுத்துவிட்டு அடுத்த டோக்கனைக் கூப்பிடும் வழக்கம் என்றைக்குத்தான் மாறுமோ!

இடுப்பிலிருந்து கிளம்பும் வலிச் சேதி தண்டுவடத்தில் ஒரு கதவைத் தாண்டித்தான் மேலே போக முடியும். 1965-இல் மெல்சாக், வால் என்ற வலி ஆய்வாளர்கள் இருவரும் சொன்ன கருத்து இது. முழங்கையை இடித்துக்கொண்டதும் தேய்த்துவிடுகிறோமே, அந்தத் தொடு உணர்ச்சியே கதவைக் கொஞ்சம் சாத்துகிறது. மூளையும் மேலிருந்து சாத்தும். நடுமூளையில் புறப்படும் கட்டளை முகுளம் வழியாகத் தண்டுவடத்துக்கு இறங்குகிறது. வேலையில் கவனம் பதிந்தால் கதவு சாத்திக்கொள்கிறது. தூக்கமின்மையும் பயமும் அதைத் திறந்துவிடுகின்றன. உங்கள் இரவு வலிக்கு இதுவும் ஒரு காரணமாக இருக்கலாம்.

1978-இல் பல் பிடுங்கியவர்களிடம் ஒரு சோதனை செய்தார்கள். மருந்துச் சத்தே இல்லாத வெற்று மருந்திலேயே வலி குறைந்தவர்களுக்கு, ஓபியத்தின் வேலையைத் தடுக்கும் நலாக்சோனைக் கொடுத்ததும் வலி ஏறியது. அந்த நிவாரணம் உடலே சுரந்த, ஓபியம் போன்ற ரசாயனத்தால் வந்தது என்பதற்கு இது வலுவான சான்று.

கதவைச் சாத்த உதவும் இன்னொரு முக்கிய ரசாயனம் நார்அட்ரினலின். டுலாக்சிடின் அதை நரம்பு முனையில் கூடுதல் நேரம் தங்கவைக்கிறது. பலன் தெரியச் சில வாரம் ஆகும். நீங்களாகச் சட்டென்று நிறுத்தாதீர்கள்.

ஸ்கேன் படத்தைக் காட்டி "ஆபரேஷன் செய்யாவிட்டால் கால் போய்விடும்" என்று கமிஷனுக்கு ஆள்பிடிப்பவர்களிடம் சிக்காதீர்கள். 1994-இல் இடுப்பு வலியே இல்லாத 98 பேரை எம்.ஆர்.ஐ. எடுத்துப் பார்த்தபோது பாதிக்கு மேற்பட்டோருக்கு டிஸ்க் பிதுங்கியிருந்தது. படத்துக்கு வைத்தியம் பார்க்கக் கூடாது.

இந்த அறிகுறிகளில் ஒன்று தெரிந்தாலும் பொறுக்காதீர்கள். சிறுநீர் போகாமல் அடைத்தாலோ, தெரியாமலே கசிந்தாலோ, மலம் அடக்க முடியாவிட்டாலோ, இருக்கையில் படும் இடமும் பிறப்புறுப்பும் மரத்தாலோ, கால்கள் வலுவிழந்தாலோ அன்றைக்கே அவசரப் பிரிவுக்குப் போங்கள். வலி குறைவாக இருந்தாலும் போங்கள். நடுராத்திரியானாலும் விடியட்டும் என்று இருக்காதீர்கள். தண்டுவடத்தின் கீழ்முனையிலுள்ள நரம்புக் கொத்து நசுங்கியிருந்தால் சில மணி நேரத் தாமதம்கூட நிரந்தரப் பாதிப்பாகிவிடலாம்.