இடிக்காமல் விட்ட சுரங்கம்

கேள்வி: மூடிக் கிடக்கும் பழைய தொழிற்சாலையை இடித்துவிடலாமே. அதை ஏன் கட்டடக்கலை மரபு மையமாக மாற்ற வேண்டும்?
– ஒரு வாசகி, சிவகாசி

பதில்: ஜெர்மனியின் எஸ்ஸன் நகரில் உள்ள சோல்ஃபெரைன் நிலக்கரிச் சுரங்கத்தைப் பார்க்கும்வரை நானும் இப்படித்தான் கேட்டுக்கொண்டிருந்தேன். அதன் 12ஆம் குழி 1932இல் இயங்கத் தொடங்கியது. ஃப்ரிட்ஸ் ஷுப், மார்ட்டின் கிரெம்மர் என்ற இரண்டு கட்டடக் கலைஞர்கள் அதன் கட்டடங்களை வடிவமைத்தார்கள். எடையைத் தாங்குவது எஃகுச் சட்டம். செங்கல் சுவர் வெறும் போர்வைதான். 1986 டிசம்பரில் சுரங்கத்தை மூடினார்கள். இடிக்க விடாமல் மாநில அரசே அதை வாங்கிக்கொண்டது. 2001இல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியச் சின்னங்கள் பட்டியலிலும் இடம்பெற்றது.

எனக்கு மிகவும் பிடித்தது நிலக்கரி கழுவும் கட்டடம். முன்பு கரியை உச்சிக்குக் கொண்டுபோய், கீழே இறங்க இறங்கக் கல்லைப் பிரித்தெடுப்பார்கள். இப்போது அதற்குள், எஸ்ஸன் இருக்கும் ரூர் வட்டாரத்துக்கான ரூர் அருங்காட்சியகம் இருக்கிறது. ஆரஞ்சு நிற விளக்கெரியும் நீளமான நகரும் படிக்கட்டில் 24 மீட்டர் உயரத்துக்கு ஏறிப்போய், கரி இறங்கிய திசையிலேயே நாமும் ஒவ்வொரு தளமாக இறங்குகிறோம். இயந்திரங்கள் இன்னும் அதே இடத்தில் நிற்கின்றன. அந்த இறக்கத்தில் புரிந்ததை எந்தப் புத்தகமும் எனக்குச் சொல்லித் தந்ததில்லை.

கொதிகலன் கூடத்தை பிரிட்டிஷ் கட்டடக் கலைஞர் நார்மன் ஃபாஸ்டர், பொருள் வடிவமைப்புக்கான அருங்காட்சியகமாக மாற்றினார். அங்கேயும் துருப்பிடித்த கொதிகலனை அகற்றவில்லை. அப்புறம், அங்கே போனால் வழிகாட்டியோடு செல்லும் சுற்றில் சேர்ந்துகொள்ளுங்கள். சுரங்கத்தில் வேலை பார்த்தவர்களே சில சுற்றுகளை நடத்தியிருக்கிறார்கள்.