மேடையில் மகள், பக்கத்தில் மகன்

கேள்வி: பள்ளி ஆண்டு விழாவில், ஏழாம் வகுப்பு படிக்கும் என் மகள் கணக்கில் முதல் பரிசும் சிறந்த மாணவிக்கான கோப்பையும் வாங்கினாள். அவள் பெயரை அழைத்தபோது எனக்கு அழுகையே வந்துவிட்டது. என் கணவரோ, "பிள்ளை எதிரில் இப்படிக் கொண்டாடாதே, தலைக்கனம் வந்துவிடும்" என்கிறார். நான்காம் வகுப்பு படிக்கும் மகன், நோட்டின் பின்பக்கமெல்லாம் படம் வரைகிறவன், அன்று முழுவதும் பேசவே இல்லை. "அடுத்த வருடம் ஓவியத்தில் பரிசு வாங்கினால் உனக்கு சைக்கிள்" என்று தேற்றியிருக்கிறேன். பெற்ற பிள்ளையை நினைத்துப் பெருமைப்படுவது தவறா?
– பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்: தவறே இல்லை. ஒரு வருடம் முழுக்க எழுப்பி, கிளப்பி, காய்ச்சல் வந்தால் கண்விழித்துப் பள்ளிக்கு அனுப்பியவர் நீங்கள். அந்த ஒரு நிமிடம் கண் கலங்க உங்களுக்கு எல்லா உரிமையும் உண்டு.

உறுத்துவது வேறொன்று. உங்கள் நீண்ட கடிதத்தை இங்கே சுருக்கித்தான் தந்திருக்கிறோம். எத்தனை மதிப்பெண், இரண்டாம் இடம் யாருக்கு, இருவருக்கும் எவ்வளவு வித்தியாசம், கோப்பையை யார் கையால் வாங்கினாள் என்பதெல்லாம் அதில் இருக்கிறது. அந்தக் கணக்கில் அவள் எங்கே திணறினாள், யாரிடம் கேட்டுத் தெளிந்தாள் என்று ஒரு வரிகூட இல்லை. "பிறவியிலேயே மூளைக்காரி" என்று மட்டும் இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறீர்கள். அதை அவள் காதுபடவும் சொல்லியிருப்பீர்கள். அங்கேதான் எனக்குக் கவலை.

கிளாடியா முல்லர், கேரல் டுவெக் என்ற உளவியலாளர்கள் 1998-இல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்குப் புதிர்கள் கொடுத்து, முடித்ததும் சிலரிடம் "நீ புத்திசாலி" என்றும், சிலரிடம் "நன்றாக உழைத்திருக்கிறாய்" என்றும் சொன்னார்கள். வித்தியாசம் அந்த ஒரு வாக்கியம்தான். அடுத்து வந்த கடினமான புதிர்களில் எல்லோருமே தடுமாறினார்கள். பிறகு பழைய தரத்திலேயே மறுபடி புதிர்கள் கொடுத்தபோது, உழைப்புக்குப் பாராட்டப்பட்டவர்கள் முன்பைவிட நன்றாகச் செய்தார்கள். புத்திசாலிப் பட்டம் வாங்கியவர்களோ முன்பு செய்த அளவுக்குக்கூடச் செய்யவில்லை. வேறொரு பள்ளி மாணவருக்குத் தங்கள் மதிப்பெண்ணை எழுதச் சொன்னபோது, இவர்களில் பத்துக்கு ஏறக்குறைய நான்கு பேர் கூட்டி எழுதினார்கள். ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள்! மூளைக்காரி என்ற பெயரைக் காப்பாற்றுவது அத்தனை பெரிய பாரம். நாளை ஒரு தேர்வில் சறுக்கினால், உங்கள் மகள் அதை உங்களிடம் சொல்லத் துணிய வேண்டாமா?

ஆகவே பாராட்டுங்கள், தாராளமாக. ஆனால் கண்ணால் பார்த்ததைச் சொல்லிப் பாராட்டுங்கள். பின்னக் கணக்கு வராமல் அழித்து அழித்து எழுதிய நோட்டு வீட்டில்தானே இருக்கும்? அதை எடுத்துவைத்துக்கொண்டு, எந்த இடத்தில் பிடிபட்டது என்று கேளுங்கள். அவள் விளக்கட்டும். உங்களுக்குப் புரியாவிட்டால் இன்னொரு முறை கேளுங்கள்.

இப்போது உங்கள் மகன். எந்தப் பள்ளி விழாவிலும் மேடை ஏறும் பிள்ளைகளைவிடக் கீழே உட்கார்ந்திருப்பவர்களே அதிகம். அவர்களில் ஒருவன் உங்களை ஒட்டியே உட்கார்ந்திருந்தான். அவனைத் தேற்ற நினைத்த மனம் நல்ல மனம்தான். எடுத்த வழிதான் தவறு.

மார்க் லெப்பர், டேவிட் கிரீன், ரிச்சர்ட் நிஸ்பெட் ஆகியோர் 1973-இல் வெளியிட்ட ஆய்வு, படம் வரைவதில் ஏற்கெனவே ஆசை கொண்ட மழலையர் பள்ளிக் குழந்தைகளைப் பற்றியது. ஒரு பிரிவினரிடம் "வரைந்தால் சான்றிதழ் உண்டு" என்று முன்கூட்டியே சொல்லி வரையவைத்துக் கொடுத்தார்கள். இன்னொரு பிரிவினருக்கு எதுவும் சொல்லாமல், வரைந்து முடித்தபின் கொடுத்தார்கள். மூன்றாம் பிரிவினருக்கு ஒன்றும் இல்லை. ஓரிரு வாரம் கழித்துப் பார்த்தால், முன்கூட்டியே வாக்குறுதி பெற்றவர்கள் மற்றவர்கள் வரைந்த நேரத்தில் ஏறக்குறையப் பாதி நேரம்தான் வரைந்தார்கள். எதிர்பாராமல் சான்றிதழ் பெற்றவர்களுக்கு ஆசை குறையவில்லை.

நோட்டின் பின்பக்கத்தில் யாரும் கேட்காமலே வரைகிறவனுக்கு நீங்கள் சைக்கிளைக் காட்டியிருக்கிறீர்கள். இனி ஒவ்வொரு படமும் பரிசு வாங்குமா வாங்காதா என்ற பார்வையோடுதான் அவன் பென்சிலை எடுப்பான். அந்த நிபந்தனையை இன்றே விலக்கிக்கொள்ளுங்கள். சைக்கிள் வாங்க வசதியிருந்தால், ஓவியத்தோடு முடிச்சுப் போடாமல் வாங்கிக் கொடுங்கள். வசதியில்லையென்றால் அதையும் அவனிடம் சொல்லலாம். நான்காம் வகுப்புப் பிள்ளைக்குப் புரியும். "அக்காவைப் பார்" என்ற பேச்சு மட்டும் வீட்டில் எழவே கூடாது. அது அவனையும் நோகடிக்கும், அவளையும் தம்பியிடமிருந்து பிரிக்கும்.

உங்கள் கணவருக்கும் ஒரு வார்த்தை. ஐயா, பாராட்டை அடக்கிவைத்தால் பிள்ளைக்கு அடக்கம் வந்துவிடாது. அப்பாவுக்கு எதுவுமே போதாது என்ற எண்ணம்தான் வரும். மகளிடம் நீங்கள் இன்னும் நேரில் எதுவும் சொல்லவில்லை என்றால், இன்று இரவு அவள் தூங்கப் போவதற்கு முன் சொல்லிவிடுங்கள்.