கன்றுக்குட்டிக்குமா பணம் கட்டச் சொன்னார்?

கேள்வி: அணைக்கட்டு பக்கம் 4 கலப்பினக் கறவை மாடும் 2 பால்குடிக் கன்றும் வைத்திருக்கிறேன். மாடு விடும் வாயுவால் பூமி சூடாகிறதாம். அதற்கு வெளிநாட்டுக் கார்பன் பணம் வாங்கித் தருகிறேன், தலைக்கு 1,500 ரூபாய் கட்டுங்கள் என்கிறார் ஒருவர். கட்டலாமா?

பதில்: கட்டாதீர்கள்.

வாயு விஷயம் உண்மைதான். தின்ற தீவனம் முதல் வயிற்றில் ஊறிப் புளிக்கும்போது அங்குள்ள நுண்ணுயிரிகள் மீத்தேனை உண்டாக்குகின்றன. பலர் நினைப்பதுபோல் அது பின்பக்கமாகப் போவதில்லை. பெரும்பகுதி ஏப்பமாக வாய்வழியே வருகிறது. 100 ஆண்டுக் கணக்கில் பார்த்தால் கரியமில வாயுவைப்போல் சுமார் 28 மடங்கு சூடேற்றும்.

ஆனால் மாடு வைத்திருப்பதற்கு யாரும் கார்பன் பணம் தருவதில்லை. வாயுவைக் குறைத்து, குறைந்ததை அளந்து காட்டினால்தான் பணம். ஒரு கறவை ஆண்டுக்குச் சுமார் 50 கிலோ மீத்தேன் விடும். உங்கள் நான்கிலும் ஐந்தில் ஒரு பங்கைக் குறைத்தால்கூட 40 கிலோதான்; அதை 28 மடங்காக்கினால் கரியமிலக் கணக்கில் ஒரு டன்னைச் சற்றே தாண்டும். அதற்குச் சந்தையில் சில நூறு ரூபாய் கிடைத்தால் பெரிது. அவர் கேட்பதோ 9,000! செவ்வாய்க்கிழமை பொய்கைச் சந்தையில் துண்டுக்கடியில் விரல் பிடிக்கும் தரகரிடமாவது மாட்டைக் கண்ணால் பார்த்து வாங்குகிறோம். இவர் விற்பது வெறும் காற்று.

இதில் கன்றையும் சேர்த்திருக்கிறார், அதுதான் எனக்கு ஆத்திரம். பால் மட்டும் குடிக்கும் கன்றுக்கு முதல் வயிறு வேலையே தொடங்கியிருக்காது. மடியில் குடித்தாலும் சரி, புட்டியில் கொடுத்தாலும் சரி, பால் நேராக நான்காம் வயிற்றுக்குப் போய்விடும். மீத்தேன் கிட்டத்தட்ட இல்லை. புல், தவிடு மெல்லப் பழகி இரண்டு மூன்று மாதம் ஆன பிறகுதான் அந்தப் பேச்சு. இல்லாத வாயுவுக்கு 3,000 ரூபாயா?

வாயு குறைய வேண்டுமென்றால் வைக்கோலை மட்டுமே போடாதீர்கள். கம்பு நேப்பியர், வேலிமசால் என்ற பசுந்தீவனங்களோடு கொஞ்சம் அகத்தியும் சேருங்கள். லிட்டர் பாலுக்கு வாயு குறையும், பாலும் கூடும். பெங்களூரில் உள்ள தேசிய கால்நடை ஊட்டச்சத்து நிறுவனம் ‘ஹரித் தாரா’ என்று ஒரு தீவனச் சேர்க்கையே செய்திருக்கிறது. 17 முதல் 20 சதவீதம் குறைக்கும் என்கிறார்கள். அது நம் ஊருக்கு எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். தாது உப்புக் கலவைக்கே மூன்று நடை நடக்க விடுகிறார்கள்.

அப்புறம், அவரிடம் ஆதார் நகலோ வெற்றுத்தாளில் கையெழுத்தோ கொடுத்திருந்தால் முதலில் அதைத் திரும்ப வாங்குங்கள்.